ஆறாம் கட்டம்

கோத்தகிரி அரசு மருத்துவமனை, ஊசி அறை,
நீல அட்டைப் பதிவேடு.
வரிசை எண், பெயர், வயது, ஊர், கடிபட்ட இடம்,
ஆறாவதாகக் குறுகலாய் ஒரு கட்டம்:
நாயின் வகை.
பதினோரு வருடமாக அதில் என் கையெழுத்து.

நாட்டு நாய் என்றெழுத இடம் போதாது.
நா.நா. என்று சுருக்குவேன்.
'எங்க வீட்டு நாய்தான் சிஸ்டர், சோறு வைக்கறப்ப'
என்று தலை குனிகிறவர்களுக்கும் நா.நா.
மடியில் வைத்துக் கொஞ்சும் வெள்ளைச் சடைக்குட்டிகளிடம்
கடிபட்டவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள்.
அவற்றின் மேல் யாரும் மனு எழுதியதில்லை.

மனு எழுதியது லட்டுவின் மேல்.

லட்டு, ராட்வைலர்.
பெயர் வைத்தவர் கோயம்புத்தூரில் இருக்கிறார்.
கொடநாடு சாலை வளைவில் அவருடைய கண்ணாடி வீட்டில்
மாதம் இரண்டு முறை விளக்கெரியும்.
மற்ற நாட்களில் லட்டு, நாலடிச் சங்கிலி,
ஒரு சில்வர் ஓக்.
மரத்தைச் சுற்றிப் புல் செத்து
கவிழ்த்த தோசைக்கல் போல ஒரு கறுப்பு வட்டம்;
பஸ் திரும்பும்போது ஜன்னலோரம் இருந்தால் தெரியும்.

தையில் சிறுத்தை கீழ்த்தட்டில் இரண்டு நாய்களைத் தூக்கியது.
அந்த ராத்திரிகளிலும் அது அங்கேதான் கட்டிக் கிடந்தது.
'விடிய வந்து பார்த்தா முதுகெல்லாம் உறைபனி சிஸ்டர்'
என்றார் வாட்ச்மேன் தங்கையா.
கொஞ்சம் பொறுத்து,
'எனக்குச் சம்பளம் வீட்டுக்கு. நாய்க்கில்ல.'

சிலிண்டர் போடும் போஜன்
காலி சிலிண்டரை எடுக்கக் குனிந்தார்.
கெண்டைக்காலில் நான்கு குழிகள்,
ஒன்றில் என் சுண்டுவிரல் நுனி போகும்.
தையல் போடாமல், சோப்பு போட்டு
கால் மணி நேரம் கழுவினேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.
மூன்று வாரம் வேலையில்லை அவருக்கு, கூலியுமில்லை.
இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

அன்று ஆறாம் கட்டத்தில் முழுசாக எழுதினேன்,
ராட்வைலர்,
கோடு தாண்டிப் போனது.
சங்கிலி எத்தனை அடி என்று கேட்க
அங்கே கட்டமில்லை.
கடைசியாக அதன் தலையை யார் தடவினார்கள் என்று கேட்கவும்.

ஞாயிறு டீக்கடையில் மனு தயார்.
'பிறப்பே அப்படி, ரத்தத்துல ஊறினது,
அந்தச் சாதியே ஊருக்குள்ள ஆகாது'
என்றார் ஒருவர், வர்க்கியைத் தோய்த்தபடி.
இந்த வாக்கியத்தை வேறு பேச்சில், வேறு யாரையோ சொல்ல
நான் கேட்டிருக்கிறேன்.
கேட்டவர்கள் இன்னும் இரண்டு பேர் அந்த பெஞ்சில் இருந்தார்கள்.
ஆனாலும் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

ஒரு வேன் வந்தது. ஏற மறுக்கவில்லையாம் லட்டு,
வண்டியில் போவது அதற்குப் பிடிக்குமாம்.
எங்கே கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கவில்லை.

பங்குனியில் அதே மரம், அதே சங்கிலி,
மூன்று மாதக் குட்டி ஒன்று.
'இது லாப்ரடார் சிஸ்டர், சாது' என்றார் தங்கையா.

இன்னொன்றும் இருக்கிறது.
மனுவுக்கு மூன்று மாதம் முன்னால்
எங்கள் டாலி, ஆறு கிலோ, வெள்ளை,
நான் சாத்தாமல் விட்ட கேட் வழியாக ஓடி
கீழ்போர்ஷன் நித்திலனைக் கடித்தது.
அதன் ஊசி அட்டை பிரிட்ஜ் மேல் கிடந்தது,
அதற்கு முந்தின வருடத் தேதியோடு.
நித்திலன், எட்டு, இடது கட்டைவிரல், நா.நா.
அவன் அம்மா என் பேனாவையே பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் வீட்டில் குடியிருப்பவள்.

இருபத்தெட்டாம் நாள் ஊசிக்கு
ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்:
'டாலிக்கும் போட்டீங்களா ஆன்ட்டி?'
போட்டாச்சு என்றேன். அது உண்மை.
'அழுதுச்சா?'

இன்று அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன்.
அடித்துத் திருத்தினால்
பக்கத்தில் டாக்டரின் சுருக்கொப்பம் வேண்டும்.
அவர் வியாழக்கிழமைதான் வருவார்.
இன்று திங்கள்.